இடக்கைக்கு ஒரு பேனா

திருச்சி,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

போன வாரம் போனில் நீ கேட்டது மனதை விட்டு அகலவில்லை. சின்னவனுக்குப் பள்ளியில் மைப்பேனா தொடங்கிவிட்டார்கள், அவன் இடக்கையால் எழுதுவதால் நோட்டெல்லாம் இழுகிப்போகிறது, உள்ளங்கை ஓரம் எப்போதும் நீலமாக இருக்கிறது, பேசாமல் வலக்கைக்குப் பழக்கிவிடலாமா என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

வேண்டாம் அம்மா. அவன் கையை மாற்றாதே. பேனாவிலும் மையிலும் தாளிலும் மாற்றிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

அன்று இரவு என் பேனாவை இடக்கையில் பிடித்து எழுதிப் பார்த்தேன். நாற்பது ஆண்டு பத்திரம் எழுதியவனுக்கு அதுவரை தெரியாதது அன்றுதான் தெரிந்தது. வலக்கைக்காரர் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறார். இடக்கைக்காரர் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தள்ளும்போது முனை தாளைக் குத்துகிறது. ஒரு 'அ' போட்டு முடிப்பதற்குள் தாளின் நார் ஒன்று நிப்பின் பிளவில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு போட்ட கோடெல்லாம் ஈர்க்குச்சியால் எழுதியதுபோல் தடித்துப்போனது. எழுதிய ஈரத்தின் மேலேயே கையும் நகர்ந்து வருகிறது. குழந்தை என்ன செய்வான்?

ஜெர்மனியில் நீங்கள் இருக்கும் ஹைடெல்பர்க் பேனா ஊர். அங்கே 1930இல் தொடங்கிய லாமி நிறுவனம், இடக்கைக்கென்றே தீட்டிய நிப்பு செய்கிறது. நிப்பிலேயே 'எல்எச்' என்று பொறித்திருக்கும். அவர்களுடைய சஃபாரி பேனாவில் நிப்பை மட்டும் உருவி மாற்றிக்கொள்ளலாம். முதலில் அதை வாங்கிக் கொடு. மெல்லிய நிப்பு வைத்தால் மை குறைவாக இறங்கும், சீக்கிரம் உலரும் என்று கடையில் சொல்லக்கூடும். அது சரிதான். ஆனால் தள்ளி எழுதும் கைக்கு மெல்லிய முனை இன்னும் அதிகமாகக் குத்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் அவனிடமே கொடுத்து எழுதச் சொல். எது இதமாக ஓடுகிறது என்று கை சொல்லிவிடும்.

நோட்டின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து எழுதட்டும். கை வரிக்குக் கீழே தங்கிவிடும், ஈரத்தைத் தொடாது. வழவழப்பான தாள் பார்க்க அழகு. ஆனால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். சற்றுச் சொரசொரப்பான தாள்தான் அவனுக்கு ஏற்றது. லாமி மைப்புட்டியின் அடியில் மையொற்றும் தாள் ஒரு சுருளாகவே வரும். சாக்பீஸை உருட்டி மை ஒற்றிய எனக்கு அந்தப் புட்டியின் மேல் தனிப் பிரியம்.

எந்த மை நல்லது என்றும் கேட்டாய். பிள்ளைக்கு ராயல் ப்ளூவே போதும். சட்டையில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். பிழை வந்தால் அழிக்க அங்கே ஒரு பேனா விற்கிறதாமே, அது மையை எடுத்துவிடுவதில்லை. சாயத்தின் அமைப்பை மாற்றி நிறமில்லாமல் செய்துவிடுகிறது, அவ்வளவுதான். எழுதிப் பழகுகிற வயதில் அழிகிற மை ஒரு வரம்.

உனக்கு அது வேண்டாம். 1977 நவம்பர் வெள்ளத்தில் திருச்சி மூழ்கியது உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது நான் உறையூரில் ஒரு மூத்த பத்திர எழுத்தரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்தபின் கட்டுகளைப் பிரித்தோம். சாதாரண நீல மையில் எழுதிய நகல்களில் ஓர் எழுத்துகூட இல்லை, தாள் மட்டும் வெளிர்நீலமாக இருந்தது. நீலக்கறுப்பு மையில் எழுதிய பத்திரங்கள் ஊறிப் பழுப்பேறி அப்பளம்போல் உப்பியிருந்தன. ஆனாலும் 'கிழமேல் ஜாதியடி நாற்பத்தேழு' என்ற மனையளவைத் தடுமாறாமல் படிக்க முடிந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்து அவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். அன்று முதல் என் பேனாவில் வேறு மை ஏறியதில்லை.

அந்தப் பழைய மையின் சரக்கு உனக்குத் தெரிந்ததுதான். சின்னவன் பிறந்தபோது அம்மா அங்கே வந்து உரைகல்லில் இழைத்துக் கொடுத்தாளே, அந்த மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்ததுதான் அது. ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதில்தான் எழுதினார்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை நெடுங்காலம் அந்த வகை மையில்தான் எழுதினார்கள். எழுதும்போது வெளிறித்தான் தெரியும், அதனால் நீலச் சாயம் கொஞ்சம் கலப்பார்கள். காற்றுப் பட்டுத் தாளின் நாரிலேயே கறுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது நீலக்கறுப்பு என்று விற்பதெல்லாம் அப்படி இல்லை. உங்கள் ஊரில் கிடைக்கும் பெலிக்கான் 4001 நீலக்கறுப்பில் அந்த இரும்புச் சரக்கு இருக்கிறது. அதை வாங்கு. ஆனால் பேனாவுக்குள் காய விடாதே. மாதம் ஒரு முறை வெறும் பச்சைத் தண்ணீரில், நீர் தெளியும்வரை அலசு.

உனக்கென்று திருவள்ளூர் ரங்காவின் எபோனைட் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ரப்பரும் கந்தகமும் சேர்த்து இறுக்கிய பொருள், கையில் சில்லென்று இராது. சொட்டுச் சொட்டாக உள்ளேயே மை ஊற்றும் வகை. பாதிக்குக் கீழே போக விடாமல் நிரப்பிக்கொள். மை குறைந்தால் உள்ளே காற்று கூடும், கைச்சூட்டில் அது விரிந்து மையைக் கக்க வைக்கும். உன் சித்தப்பா மகன் அடுத்த மாதம் வரும்போது, விமானத்தில் கசியாமலிருக்கக் காலியாகவே கொடுத்தனுப்புகிறேன்.

இனி, அன்று போனில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்கிறேன்.

உன் ஐந்து வயதில் பள்ளியில் உன் இடக்கையைக் கைக்குட்டையால் பெஞ்சோடு கட்டி எழுத வைத்தார்கள். எனக்குத் தெரியும். நல்லதற்குத்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். வீட்டிலும் உன் வலக்கையைப் பிடித்து எழுத வைத்தேன். ஆறாம் வகுப்பில் நீ ஒரே ஆண்டில் மூன்று நிப்பு பிளந்தாய். பொறுப்பில்லை என்று உன்னைத் திட்டினேன். பழகாத கை அழுத்திப் பிடித்ததால் அவை பிளந்தன என்பது, அன்று இரவு என் இடக்கையில் பேனா நடுங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. என்னை மன்னித்துவிடு அம்மா.

பேனா வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடு. முகவரியை எப்படி வேண்டுமானாலும் எழுது. உள்ளே ஒரு வரி மட்டும் இடக்கையால் எழுது. சிலேட்டில் நீ அந்தக் கையால் போட்ட 'அ' அன்றே அழிந்துவிட்டது. இதை நீலக்கறுப்பு மையில் எழுது.

அன்புடன்,
அப்பா