ஆடாத சைக்கிளை ஆட வைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

பணி நேரம் மாறியதால் சாலையில் சைக்கிள் ஓட்ட வழியின்றி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் டிரெய்னரில் வீட்டுக்குள்ளேயே ஓட்டிவந்த எனக்கு, 40 நிமிடத்துக்கு மேல் சீட்டில் உட்கார இயலாமல் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். இப்போது ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறேன். அதற்குக் காரணமான, சைக்கிளையும் டிரெய்னரையும் தாங்கிப் பக்கவாட்டில் ஆடும் பலகையை நானே செய்ததாகப் பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். மறுக்காமல் ஓரிரு முறை கேட்டுக்கொண்டும் விட்டேன். அது உறுத்துவதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இயன்முறை மருத்துவரான தோழிக்கு. நான் சீட்டைக் குறை சொல்லி இருமுறை மாற்றியிருந்தேன். அவர் பத்து நிமிடம் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, குறை சீட்டில் இல்லை, சைக்கிள் அசையாமல் நிற்பதில்தான் இருக்கிறது என்றார். சாலையில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் நமக்குக் கீழே சற்றே சாய்ந்து நிமிர்கிறது. டிரெய்னரிலோ பின் அச்சு இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், அந்தப் பக்கவாட்டுத் தள்ளலை எல்லாம் இடுப்பும், சீட்டில் அழுந்தும் தோலும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் இரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போகும் என்று விளக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ஓட்டச் சொன்னவரும் அவரே. செலவே இல்லாத அந்த யோசனையை இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

அடுத்து, தச்சு வேலை செய்யும் பெரியவருக்கு. 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளைவுட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுக்கோட்டில் கம்பியும் பேரிங்கும் பொருத்தி, இருபுறமும் டென்னிஸ் பந்துகளை அடைத்தால் மேற்பலகை பக்கவாட்டில் ஆடும் என்பது வரை நான் தெரிந்துவைத்திருந்தேன். ஆனால் பந்துகளை நடுக்கோட்டிலிருந்து வெறும் 10 சென்டிமீட்டரில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் என்னோடு ஒரு பக்கமாகச் சரிந்து, அப்படியே கிடந்தது. பெரியவர் சிரிக்கவில்லை என்பதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் எடை பலகைக்கு வெகு மேலே இருப்பதால் அந்த எடையே கவிழ்க்கப் பார்க்கும், பந்துகளை ஓரத்துக்குக் கொண்டுபோ என்றார். 25 சென்டிமீட்டருக்கு நகர்த்தினோம். தூரம் இரண்டரை மடங்குதான் கூடியது; ஆனால் அதே சாய்வுக்குப் பந்து அமுங்கும் அளவும் அது நிமிர்த்தித் தள்ளும் நெம்புகோலின் நீளமும் சேர்ந்தே கூடுவதால், எதிர்ப்பு ஆறேகால் மடங்காகிறது என்பதைப் பிறகு தாளில் கணக்கிட்டுப் பார்த்து வியந்தேன். அவர் அதைக் கண்பார்வையிலேயே சொல்லியிருந்தார். பந்து உருண்டோடாமல் உட்காரக் கீழ்ப்பலகையில் 5 சென்டிமீட்டர் அகலத்தில் துளைகள் இட்டதும், அளவுக்கு மீறிச் சாயாதபடி ஓரங்களில் ரப்பர் கட்டைகள் அறைந்ததும் அவர் கைவேலை.

எட்டுப் பந்துகளையும் தந்தது மாடி வீட்டுத் தங்கை. ஆட்டத்துக்கு உதவாத பழைய பந்துகள் என்று அவள் தயங்கினாள். துள்ளல் குறைந்த பந்து சற்று மென்மையாக அமுங்குவதால் எனக்கு அவையே பொருந்தின. பழைய இயந்திரத்திலிருந்து பேரிங்குகளைக் கழற்றித் தந்த பட்டறை நண்பருக்கும் நன்றி.

முன்சக்கரத்தைத் தரையிலேயே விட்டுவிட இருந்தேன். பின்பாதி ஆட முன்பாதி ஆடாமல் நின்றால் சட்டகம் முறுக்குப்படும் என்று தடுத்து, பலகையை முன்சக்கரம் வரை நீட்டச் சொன்ன சைக்கிள் மெக்கானிக் அண்ணனுக்கு என் சைக்கிளே கடன்பட்டிருக்கிறது.

உடன் ஓட்டும் நண்பர் ஒருவர், முன்னும் பின்னும் நகரும் அசைவுக்கு, மேசை இழுப்பறைகள் ஓடும் உலோகத் தடங்களான டிராயர் சேனல்களைக் கொடுத்துதவினார். அவற்றைப் படுக்கை வசமாகப் பொருத்தினால் தாங்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை நான் யோசிக்காமல் பொருத்த, ஒரு மாலையிலேயே அவை வளைந்துவிட்டன. பிழை முழுவதும் என்னுடையது. சேனல்களைப் புதிதாக வாங்கித் தந்துவிடுகிறேன். பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் சிறு சக்கரங்களை ஓடவிட்டு, ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டும் அடுத்த முயற்சிக்கும் அவரே துணை வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கீழ்வீட்டுக் குடும்பத்தினருக்கு நான் சொல்ல வேண்டியது நன்றி மட்டுமன்று, மன்னிப்பும்கூட. அதிகாலை அதிர்வு தங்கள் கூரையில் கேட்கிறது என்பதைச் சண்டையாக்காமல், பழைய மெத்தையின் ஃபோமை வெட்டிக் கொண்டுவந்து பலகைக்கு அடியில் விரிக்கக் கொடுத்தீர்கள். நின்ற இடத்தில் ஓட்டும்போது எதிர்க்காற்று இல்லாமல் வியர்வை உலராது என்றறிந்து, உங்கள் நிற்கும் மின்விசிறியையும் ஏற்றி அனுப்பினீர்கள். அதிர்வு இன்னும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஓட்டும் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்.

பெரியவரின் ரசமட்டம் இன்னும் என்னிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் இரண்டாம் மாடி அண்டை வீட்டான்