வெற்றிலை பாக்குக் கடிதமும் ஓர் அழைப்பிதழும்

வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

ஃபகீர் மோகன் சேனாபதிக்காக நீங்கள் நடத்தவிருக்கும் கூட்டத்தின் அழைப்பிதழ் கிடைத்தது. 'ஒடியா உரைநடையின் தந்தை, ஏழை விவசாயியின் குரல்' என்று போட்டிருக்கிறீர்கள். முதல் பட்டத்தில் எனக்குச் சண்டையில்லை. பள்ளிகளில் ஒடியாவை நீக்கி வங்க மொழியை வைக்கப் பார்த்தபோது அச்சகம் தொடங்கி, பாடநூல் எழுதி மல்லுக்கு நின்றவர் அவர். இரண்டாவதைத்தான் விழுங்க முடியவில்லை.

1843இல் ஒடிசாவின் பாலசோர் பகுதியில் பிறந்தவர். இட்ட பெயர் பிரஜமோகன். பெற்றோரை இழந்து நோயில் கிடந்த பேரன் பிழைத்தால் பக்கீராக்கிவிடுவதாகப் பாட்டி பீர்களிடம், அதாவது முஸ்லிம் மகான்களிடம், வேண்டிக்கொண்டார். பிழைத்த பிறகு கொடுக்க மனம் வரவில்லை. பெயரை மட்டும் மாற்றி, மொகரம் நாட்களில் பக்கீர் வேடம் போட்டுப் பிச்சைக்கு அனுப்பிக் கடனைக் கழித்துவிட்டார். (பேரனுக்கு அங்கதம் எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை.)

1897இல் தொடராக வரத் தொடங்கிய அவருடைய 'ச மாண ஆட்ட குண்ட' நாவலில், ஜமீன்தார் மங்கராஜ் ஏகாதசி தவறாதவர். துளசியும் தண்ணீரும்தான் ஆகாரம். ஆனால் அன்றிரவு அவர் படுக்கையறையில் பெரிய பானை நிறையப் பாலும் வாழைப்பழமும் வைக்கப்படும். விடிந்ததும் நாவிதன் வெறும் பானையை எடுத்துக் கழுவுவான். கதைசொல்லியோ வக்கீல் மாதிரி எஜமானுக்காகப் பரிந்து பேசுவார். பேசப் பேச எஜமானின் மானம் போகும்.

இதை எழுதியவரும் அந்தப் பக்கத்து ஆள்தானே! சமஸ்தானங்களில் திவானாகவும் நிர்வாகியாகவும் சம்பளம் வாங்கியவர். 1891இல் கியோஞ்ஜர் சமஸ்தானத்தில் புயான் பழங்குடியினர் கூலியில்லாக் கட்டாய வேலை தாங்காமல் தரணிதர் தலைமையில் எழுந்தபோது, இவர் அவர்களிடம் பிடிபட்டார். வெற்றிலை பாக்கு அனுப்பு, கரும்புக்குத் தண்ணீர் விடு என்று வீட்டுக்காரியம்போல ஒரு கடிதம் எழுதினார். பிடித்துவைத்தவர்களும் அதைப் போகவிட்டார்கள். வெற்றிலை பாக்கு என்றால் படை. இதைத் தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார், கூச்சமில்லாமல்.

கூட்டத்தில் ஏகாதசிப் பகுதியை வாசியுங்கள். உடனே அந்தக் கடிதக் கதையையும் வாசியுங்கள். பொன்னாடைக்கும் மாலைக்கும் ஒதுக்கிய நேரத்தில் பாதி போதும்.

அன்புடன்,
வட்டத்தின் பழைய உறுப்பினன்