சேதவத்தை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்

வெல்லம்பிட்டி,
2025 டிசம்பர்

அன்புள்ள சிநேகிதிக்கு,

நேற்றுப் பின்னேரம் சேதவத்தைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆள் சுகம். ஆனால் உன்னிடம் போனில் "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சொன்னாராமே, அதை நம்பாதே. களனி கங்கை முன்னறை ஜன்னல் வரைக்கும் ஏறியிருக்கிறது, சேற்றுக் கோடு சுவரில் அப்படியே தெரிகிறது. மெத்தை, அரிசி, தையல் மெஷின் எல்லாம் போய்விட்டன.

அதைவிட எனக்குக் கவலை, அம்மா இன்னும் வெள்ள நிவாரணத்துக்குக் கிராம சேவகரிடம் பதியவில்லை என்பதுதான். "சொந்த வீட்டுக்காரி நான் போய்க் கையேந்தி நிற்பதா? இல்லாத சனம் வாங்கட்டும்" என்கிறார். 2016 மே வெள்ளத்தில் நானும் இதே கதைதான் கதைத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த கையோடு சேற்றை வாரி, நனைந்த சாமான்களை லொறியில் ஏற்றி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பணம் முடிந்து அலுவலகத்துக்குப் போனபோது, காட்டுவதற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அதனால் பட்ட கடனை அடைக்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அம்மாவுக்கு இருப்பது அந்த வீடு ஒன்றுதான். வீட்டுக்கான சோலை வரியும் கரண்ட் பில்லும் கட்டினால் கையில் மிஞ்சுவது மருந்துக்கே காணாது. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக அவரை வசதிக்காரி என்று சொல்ல முடியுமா?

இந்தமுறை, டித்வா புயலுக்குப் பிறகு, வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாயும் சமையலறைச் சாமான் போன்றவை வாங்க 50,000 ரூபாயும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பகுதியாகச் சேதமான வீட்டுக்கு மதிப்பீட்டைப் பொறுத்து 25 இலட்சம் வரை, முழுதாக அழிந்ததற்கு 50 இலட்சம். யாரும் போடும் பிச்சை இல்லை இது. உன் அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்துக் கட்டின வரியும் அதற்குள் இருக்கிறது. நீ அம்மாவிடம் இப்படியே சொல்லு, நான் சொன்னால் எடுபடாது.

சுவரைக் கழுவ வேண்டாம் என்று மறித்துவிட்டு, ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுத்தேன். குசினிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அந்தப் பக்கம் படுக்க வேண்டாம் என்றும், வயர்மேன் வந்து பார்க்கும்வரை மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். கிராம சேவகர் பதிந்தால் விபரம் கொலன்னாவை பிரதேச செயலகத்துக்குப் போகும், அப்புறம் சேதத்தை மதிப்பிட ஆள் வருவார்கள்.

சிக்கல் காணி உறுதியில்தான். இன்னும் அப்பாவின் பெயரில் கிடக்கிறது, லாச்சியில் இருந்த பிரதியும் ஊறிப் பிய்ந்துவிட்டது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பெயர் மாற்றுகிற வேலைக்கு லோயருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், கொழும்பு புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவுவார்கள். நீயும் தம்பியும் கையெழுத்து வைக்க வேண்டிவரும். இருவரும் இப்போதே பேசி வையுங்கள். இத்தனை நாள் தள்ளிப்போட்டது போதும்.

எங்கள் வீட்டில் இந்தமுறை முழங்கால் அளவு தண்ணீர்தான், சமாளித்துவிட்டோம். மகளுக்கு ஏ.எல். பரீட்சையில் மிச்சப் பாடங்கள் தள்ளிப்போனதில், காய வைத்த கொப்பிகளைத் திரும்பப் படிக்கிறாள், பாவம். மட்டக்களப்பில் நீங்கள் எல்லோரும் எப்படி?

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவைக் கிராம சேவகரிடம் கூட்டிப்போகப் போகிறேன். அதற்கு முன்னால் நீ போன் எடுத்துக் கதை. அப்பாவின் மரணச் சான்றிதழ் உன்னிடம் இருந்தால் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு, உறுதி இலக்கம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா என்றும் தேடிப் பார்.

அன்புடன்,
உன் வெல்லம்பிட்டிச் சிநேகிதி