செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இங்கே திரளாக வந்திருக்க வேண்டியவர்களில் வந்து அமர்ந்திருக்கும் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, நடந்த பணிகளையும் வரவு செலவையும் உறுப்பினர்கள் முன் வைத்து, அதன்பின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வது நமது கடமை. அதன்படி, ஸ்ரீரங்கத்தில் வாழும் மூத்த குடிமக்களாகிய நமது சங்கத்தின் இவ்வாண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். 2024 ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியை எட்டி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் பெருகிய நாட்களில் அம்மா மண்டபம் பக்கம் நடைப்பயிற்சிக்குச் செல்ல வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூத்த குடிமக்களுக்கு இருந்து 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகையைத் திரும்ப வழங்கக் கோரி இவ்வாண்டும் மனு அனுப்பினோம், பதில் இல்லை. வைகுண்ட ஏகாதசி நெரிசலை முன்னிட்டு ஜனவரி மாதக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

இனி, இவ்வறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல விரும்பும் பொருளுக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் என் பொறுப்பில் தொடங்கி, சிலரால் தேவையற்றது என்று விமரிசிக்கப்பட்ட காலை விசாரிப்பும் மாலைப் பேச்சும் ஓராண்டை நிறைவு செய்திருக்கின்றன.

உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள நமது பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். வாசல் குறுகலாகவும், ரேழி, கூடம், முற்றம், அடுப்படி என்று கொல்லை வரை நீளமாகவும் கிடக்கும் வீட்டில், பின்கட்டில் ஒருவர் விழுந்து குரல் கொடுத்தால் அது தெருவை எட்டாது. முன்பு அந்த வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இருவர் இருந்த வீட்டில் ஒருவர் மிஞ்சியிருக்கிறார். புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நிலைமை வேறல்ல. சுவர் ஒன்றாக இருந்தாலும் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கின்றன.

ஆகவே, தனியாக வசிக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் காலை எட்டு மணிக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுத வேண்டும், அல்லது தம் தெருப் பொறுப்பாளருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். எட்டரை மணி வரை தகவல் இல்லையென்றால் பொறுப்பாளர் அழைப்பார். எடுக்காவிட்டால் நேரில் செல்வார். உறுப்பினர் தாமே தேர்ந்தெடுத்த அண்டை வீட்டில் ஒரு மாற்றுச் சாவி ஒட்டிய உறையில் இருக்கும். அந்த உறைக்குள் அவருடைய இரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், பிள்ளைகளின் எண், காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் இடம் ஆகியவை எழுதிய ஒரு தாளும் இருக்கும்.

காலை ஒன்பது மணி வரை குழுவில் பூக்கள், சுவாமி படங்கள், மருத்துவக் குறிப்புகள் எதையும் அனுப்பக்கூடாது என்று நான் விதித்த கட்டுப்பாடு சிலருக்கு மனவருத்தம் தந்தது. அதன் காரணத்தை இங்கே பதிவு செய்கிறேன். நாற்பது படங்களுக்கு நடுவே ஒருவர் எழுதாமல் விட்ட வரியைக் கண்டுபிடிக்க எந்தப் பொறுப்பாளராலும் முடியாது. ஒன்பது மணிக்குமேல் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். எவருடைய பக்தியையும் தடுப்பது சங்கத்தின் நோக்கமன்று.

இந்த ஏற்பாட்டின் பயன் மார்கழியில் தெரிந்தது. தவறாமல் ஏழு மணிக்கு முன்பே எழுதிவிடும் ஓர் உறுப்பினரிடமிருந்து எட்டரை வரை எதுவும் வரவில்லை. பொறுப்பாளர் அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தது. மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே சென்றபோது, அவர் குளியலறையில் ஈரத் தரையில் விழுந்து, எழ முடியாமல், துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். விழுந்தது விடியற்காலை ஐந்து மணிக்கு. 108-ஐ அழைத்து, உறைக்குள் இருந்த தாளோடு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். இடுப்பெலும்பு முறிவு. அவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருத்துவர் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை நம் உறுப்பினர்கள் முறைபோட்டுக் கூடவே இருந்தார்கள். இன்று அவர் வாக்கரின் துணையோடு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவர் அனுமதியுடனேயே இதைச் சொல்கிறேன்.

அடுத்தது மாலைப் பேச்சு. நாள்தோறும் ஐந்தரை முதல் ஆறரை வரை சங்க அறையில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று வைத்தோம். பேச்சாளர் கிடையாது, தலைப்பு கிடையாது. கத்தரிக்காய் விலை, பேரனின் பரீட்சை, முந்தைய இரவின் கிரிக்கெட், ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது, இன்று பெருமாளுக்கு என்ன வாகனம் என்று பேச்சு போகும். ஒரு சங்கம் வெறும் அரட்டைக்கு வாடகை கொடுக்கலாமா என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு நான் அப்போது முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை, நேரம் தரப்படவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதியவர் ஒருவர் தம் கஷ்டத்தைக் கடிதம் எழுதிச் சங்கத்துக்குத் தெரிவிப்பதில்லை. உதவி வேண்டுமா என்று நேராகக் கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்பதே அவர் பதிலாக இருக்கும். ஆனால் தினமும் பார்க்கும் மனிதர்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார். செருப்பு காலிலிருந்து நழுவுவதே தெரிவதில்லை என்று ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் அவரை மறுநாள் காலையே சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. காலில் புண் வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கியது. மற்றொருவர், விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் ஆயுள் சான்றிதழுக்கு இயந்திரம் தம் கையை ஏற்கவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டார். ஜீவன் பிரமாண் முறையில் இப்போது முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்பதையும், 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து முடித்துக்கொடுப்பார் என்பதையும் அதே அறையில் மற்றொருவர் சொன்னார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. இவற்றுக்கென்று முகாம் ஏதும் நடத்தப்படவில்லை. நாற்காலியும் தேநீரும் கேட்பதற்கு ஆட்களும் இருந்தது போதுமானதாயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது நவம்பரில் நடந்தது. தனியாக வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கு வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. சீருடை அணிந்த ஒருவர், வடக்கே ஒரு நகரத்தின் காவல் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, அந்த அம்மையாரின் ஆதாரை வைத்துச் சட்டவிரோதப் பணம் அனுப்பப்பட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவின் பார்வையை விட்டு அகலக்கூடாது, எவரிடமும் பேசக்கூடாது என்று மிரட்டியிருக்கிறார். மறுநாள் வங்கிக்குச் சென்று வைப்பு நிதியை உடைத்து, ‘சரிபார்ப்புக்காக’ அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. காலையில் அவர் வழக்கம்போல் எழுதியிருந்ததால் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆனால் அன்று மாலை அவர் பேச்சுக்கு வரவில்லை. அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காரும் தோழி, ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்று, “என்ன மாமி, இன்னிக்கு ஆளையே காணோம், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறார். உள்ளிருந்து, “என்னால பேச முடியாது, நீ போ” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. தோழி போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கதவு திறந்ததும், தொலைபேசியைத் தாமே வாங்கி, பெயரும் பதவியும் கேட்டிருக்கிறார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளித்தோம். ஒரு ரூபாயும் போகவில்லை.

டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதைப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் சொன்னார், செய்தித்தாள்களும் சொல்கின்றன. அந்த அம்மையாரும் அதைப் படித்தவர்தான். படித்திருந்தும் அச்சம் வென்றதற்குக் காரணம், அந்த மோசடி முழுவதும் ஒருவரை மற்றவர்களிடம் பேசவிடாமல் செய்வதை நம்பியே நடக்கிறது என்பதுதான். பேச ஆளில்லாதவர் அதில் முழுமையாகச் சிக்குகிறார். மாலை ஐந்தரை மணிக்கு எதிர்பார்த்திருக்க நாலு பேர் உள்ளவர் தப்புகிறார். அரட்டைக்கு வாடகை எதற்கு என்று கேட்ட அன்பர்களுக்கு இதற்குமேல் நான் சொல்வதற்கு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜூன் 30 அன்று வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், அது உயிருக்கே கேடு விளைவிப்பதாகவும் கூறியிருக்கிறது.

இப்போது சற்று வருத்தத்துடன் சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பணி முழுவதையும் சுமப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தம் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே நான்கு வீட்டை விசாரிப்பவர்களும் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்கள் பலர். தெருப் பொறுப்பை ஏற்பதாகச் சென்ற கூட்டத்தில் கை உயர்த்திவிட்டு, அதன்பின் அழைப்பை எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் இரவுத் துணைக்கு ஆள் கேட்டுப் பெற்ற குடும்பங்கள் சில, நோயாளி வீடு திரும்பியபின் ஒரு மாலைகூட இந்த அறைப் பக்கம் வரவில்லை. நன்றியை எதிர்பார்த்து நாம் எதையும் செய்யவில்லை. ஆயினும் அடுத்த வீட்டில் ஒருவர் விழும்போது துணைக்குப் போக வேண்டியவர்கள் இவர்களும்தான்.

சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். மாதத்துக்கு 25 ரூபாய். இதைச் செலுத்த இயலாதவர்களிடம் சங்கம் என்றும் கேட்டதில்லை, இனியும் கேட்காது. அவர்கள் யார் என்பது தலைவருக்கும் பொருளாளருக்கும் தவிர எவருக்கும் தெரியாது. நான் குறிப்பிடுவது இயன்றும் செலுத்தாதவர்களை. மூன்று ஆண்டுகளாக நிலுவை வைத்திருப்பவர்களுக்கு இருமுறை நினைவூட்டுக் கடிதம் கொடுத்தோம். அவர்கள் பெயரைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நிலுவை வைத்தவர் வீட்டைக் காலை விசாரிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. பொறுப்பில் இருக்கும்வரை ஏற்கவும் மாட்டேன்.

விரிவான வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகக் கூறின், சந்தாவும் நன்கொடையும் அறை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தன. தேநீர், ஆட்டோ, மருத்துவமனைச் சில்லறைச் செலவுகளுக்கு வைப்பு நிதியின் வட்டியை எடுக்க நேர்ந்தது. தேநீர்ச் செலவு கூடியிருப்பதாகத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருக்கிறார். வருவோர் எண்ணிக்கை கூடியிருப்பதே காரணம்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், கணக்கைக் கட்டணமின்றித் தணிக்கை செய்த அன்பர், கண் முகாம் மருத்துவர்கள், அறை உரிமையாளர், நாள்தோறும் தேநீர் கொண்டுவரும் தம்பி ஆகியோருக்கு நன்றி. தெருப் பொறுப்பாளர்களுக்குச் சங்கம் பட்டுள்ள கடன் பெரிது.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அறையின் ஒப்பந்தம் முடிகிறது; வாடகை உயரும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அடையவளைந்தான் பகுதியில் விசாரிப்பவர் ஒருவரே. அவருக்கும் வரும் மாதம் கண் அறுவைச் சிகிச்சை. என் பதவிக்காலமும் இன்றோடு நிறைவடைகிறது. மீண்டும் போட்டியிடுவது குறித்து நான் முடிவு எதுவும் செய்யவில்லை. என்னைவிட இளையவர், எழுபதைத் தொடாதவர் ஒருவர் முன்வந்தால், பதிவேடுகளையும் உறைப் பட்டியலையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைத்து, கூடவே நின்று பழக்கியும் கொடுப்பேன். காலை விசாரிப்பை ஒரு நாளும் நிறுத்துவதில்லை என்று அவர் இந்த அவையில் உறுதி கூற வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். அப்படி எவரும் முன்வராத நிலையில், பொதுக்குழு என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுவேன்.

எவர் செயலாளராக இருந்தாலும் தெருவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள் இல்லாமல் இதை நடத்த இயலாது. பொருளாளரின் மேசையில் ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. சந்தா செலுத்த வருபவர்கள் தம் பெயரையும், வாரத்தில் எந்த நாள் காலை எட்டரை மணிக்குத் தம்மால் இயலும் என்பதையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடக்க இயலாதவர்கள் தொலைபேசியில் விசாரிக்கலாம். அதற்கும் தனிப் பக்கம் உண்டு.

பணிவுடன்,
செயலாளர்