விலை போடவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏ எடுத்த பிள்ளையின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும், மற்ற பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த மற்ற பிள்ளை இரண்டே மாதத்தில் ஏஜென்ட் கையைப் பிடித்து பாயான் லெப்பாஸுக்கோ பத்து காவானுக்கோ தொழிற்சாலை வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். ஓவர்டைம் காசு கையில் புரள ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவனைப் படிக்க வைப்பது யாரால் முடியும்?

நான் பட்டர்வொர்த்தில் இருபத்தாறு வருடமாக ஏர்கோன் (குளிரூட்டி) மாட்டுகிற வேலை செய்கிறேன். என் தங்கை மகனும் அந்த பஸ்ஸில் ஏற வேண்டியவன்தான். பிடித்து இழுத்துக்கொண்டு போய், கைத்தொழில் சொல்லிக்கொடுக்கிற அரசாங்கச் சமூகக் கல்லூரியில் சேர்த்துவிட்டேன். தங்கைக்கு அதில் மனக்குறை, "அங்கே யாரண்ணே படிப்பா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நம்மில் பலர் அதை வேறு போக்கிடம் இல்லாதவன் போகிற இடம் என்றுதான் நினைக்கிறோம். நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 2001-இல் பன்னிரண்டு கல்லூரிகளோடு ஆரம்பித்த திட்டம் அது. பினாங்கில் மட்டும் பாயான் பாரு, கெப்பாளா பத்தாஸ், தாசேக் குளுகோர், நிபோங் திபால் என்று பல இடங்களில் இருக்கிறது. பெரிய மதிப்பெண் கேட்பதில்லை, கட்டணமும் தனியார் கல்லூரி மாதிரி கழுத்தைப் பிடிக்காது. வயது வந்தவர்கள் எஸ்பிஎம் இல்லாமலே ஒரு நாள், இரண்டு நாள் குறுகிய வகுப்புகளுக்கும் போகலாம். கேக் செய்வது, தையல், மோட்டார் சைக்கிள் சர்வீஸ் என்று எத்தனையோ இருக்கின்றன. இது எத்தனை தமிழ் வீடுகளுக்குத் தெரியும்?

பையன் படிப்பை முடித்த முதல் வாரம் என்னோடு ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தான். செம்புக் குழாயை வெட்டி, உள்விளிம்பில் இருந்த பிசிரைச் சுரண்டி எடுத்து, வாயை ஒரே சீராக விரித்து நட்டை முடுக்கினான். அப்புறம் குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வேக்கும் பம்பை மாட்டிவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எவ்வளவு நேரம்டா?" என்றேன். "உள்ளே ஈரம் நின்னா கம்ப்ரசருக்கு ஆகாது மாமா, அரை மணி நேரமாவது ஓடட்டும்" என்றான். நான் கற்றுக்கொண்ட காலத்தில் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, அது தள்ளுகிற வேகத்தில் காற்று போய்விட்டது என்று மூடிவிடுவோம். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, கற்றுக்கொடுத்தது அதுதான். அன்றைக்கு அந்தப் பையன் வேலை செய்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது, பொய் சொல்லவில்லை.

ஆக, கைவேலையை நன்றாகத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். நான் எழுத வந்த குறை வேறு.

ஒரு வருடம் என்னிடம் இருந்துவிட்டு, வணிகப் பதிவு அலுவலகமான எஸ்எஸ்எம்-இல் 60 வெள்ளி கட்டி சொந்தமாகத் தொழில் பெயர் பதிந்து, பழைய வேன் ஒன்றும் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினான். மூன்றாவது மாதமே ஒரு குத்தகைக்காரர் ஒரு கட்டடத்துக்குப் பதினோரு ஏர்கோன் மாட்டச் சொன்னார். எல்லாம் போனில் பேசியதுதான், ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. பையன் குழாய், ஒயர், பிராக்கெட் எல்லாம் தன் காசிலேயே வாங்கிப் போட்டு வேலையை முடித்தான். பணம் வந்தது ஐந்து மாதம் கழித்து, அதுவும் பேசிய தொகை இல்லை. அவன் போட்ட விலையைக் கணக்குப் பார்த்தால் வேன் எண்ணெய்க் காசும் கூட வந்த உதவியாளின் சம்பளமும் அதில் இல்லவே இல்லை. கல்லூரியில் தொழில்முனைவு என்று ஒரு பாடம் உண்டு, அதில் தேறியவன்தான் இவன், வணிகத் திட்டமெல்லாம் எழுதிக்கொடுத்திருக்கிறான். ஆனால் வேலைக்கு விலை போடுவது, பாதிப் பணம் முன்னால் கேட்பது, ஆர்டர் கடிதம் இல்லாமல் ஏணியில் ஏறாமல் இருப்பது, நிலுவையை முகம் கோணாமல் கேட்டு வாங்குவது, இதெல்லாம் புத்தகத்தில் வராது. இது தெரியாதவனுக்கு, இந்தியத் தொழில்முனைவோருக்கு அரசாங்கம் கொடுக்கிற ஸ்புமி கடன் கிடைத்தாலும் அது கடனாகத்தான் நிற்கும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியபோது, எந்தப் பயிற்சி வேண்டும் என்று சொல்லும் இடத்தில் தொழிற்சாலைகளே உட்கார்ந்தன. தங்களுக்கு வேண்டிய ஆளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள், நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவனிடமும், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிற அக்காவிடமும் அப்படி யார் வந்து கேட்கிறார்கள்? வட்டாரத்துக்கென்று இருக்கிற சமூகக் கல்லூரிதான் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். படித்து வெளியே போன பிள்ளை சொந்தத் தொழில் தொடங்கினால், முதல் ஒரு வருடமாவது மாதம் ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, பில் புத்தகத்தைக் காட்டு என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் விரிவுரையாளராக இருக்க வேண்டியதில்லை, அதே ஊரில் அதே தொழிலில் அடிபட்டு எழுந்தவராக இருந்தால் போதும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை நான்கு வரி இடம் ஒதுக்கி, எந்தச் சமூகக் கல்லூரியில் என்ன குறுகிய வகுப்பு, எந்தத் தேதி என்று போடுங்கள். கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளட்டும்.

செபராங் பிறையில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் புதன்கிழமை மாலையில் நான் வருகிறேன், காசு வேண்டாம். பழைய பில் புத்தகங்களை, பணம் வராமல் போனவற்றையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஏர்கோன் தொழிலாளி ஒருவர்,
பட்டர்வொர்த்