இருபது பட்டை, இருபது எண்

அன்புள்ள செழியனுக்கு அம்மா எழுதுவது.

நலம்தானே? நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஒரே கண்ணாடித் தகட்டில் வெட்டிய, 4 மில்லிமீட்டர் கனமுள்ள இருபது பட்டைகள். வளைத்துப் பார்த்ததில் ஒன்று 38 மெகாபாஸ்கல் தகைவில் (தகைவு என்பது ஒரு பரப்பளவு தாங்கும் விசை) உடைந்திருக்கிறது, இன்னொன்று 91 வரை தாங்கியிருக்கிறது. "மெஷின் சரியில்லையோ?" என்று கேட்டிருக்கிறாய். மெஷினைத் திட்டாதே. ஒவ்வொரு பட்டையிலும் இருந்த மிக மோசமான கீறலின் ஆழத்தைத்தான் நீ இருபது முறை அளந்திருக்கிறாய்.

கண்ணாடிக்குள் ஒவ்வொரு சிலிக்கனையும் சுற்றி நாலு ஆக்சிஜன். ஒவ்வொரு ஆக்சிஜனும் பக்கத்துச் சிலிக்கனையும் பிடித்துக்கொண்டிருக்கும். நாலு ஆக்சிஜனும் நாலு மூலையாக நிற்கும் இந்தக் கூட்டுக்கு நான்முகி என்று பெயர். இதே அணுக்களாலான படிகமான குவார்ட்ஸில் நான்முகிகள் வரிசைகட்டி நிற்கும். கண்ணாடியில் இணைப்புக் கோணம் இடத்துக்கு இடம் மாறுவதால் வரிசை என்பதே கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் எடையில் 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு வேறு இருக்கிறது. சோடியம் புகுந்த இடத்தில் ஆக்சிஜன் ஒரு பக்கத்துப் பிடியை விட்டுவிடும். குறைந்த சூட்டிலேயே இளகுவது அதனால்தான்.

இரும்பில் விரிசல் விழுந்தால் நுனியில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி நுனியை மழுக்கிவிடும். கண்ணாடியில் சறுக்க அடுக்கு இல்லை. (குவார்ட்ஸில் அடுக்கு இருந்தும் நொறுங்குகிறதே என்பாய். சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு அவ்வளவு விறைப்பு, இடம் மாற விடாது.) ஆகவே நுனி அணு அளவுக்குக் கூர்மையாகவே நிற்கும், இழுவை முழுவதும் அங்கே இருக்கிற சில பிணைப்புகள் மேல் விழும். பிணைப்புகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 7000 மெகாபாஸ்கல் தாங்க வேண்டிய பொருள் 50இல் போவது இப்படித்தான். பொறியாளர் கிரிஃபித் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ணாடி இழைகளை இழுத்துக் காட்டியிருக்கிறார்; இழை மெலிய மெலிய வலிமை ஏறிக்கொண்டே போனது.

உன் எண்களை வைத்தே பார்க்கலாம். இந்தக் கண்ணாடியின் முறிவுத் தாங்குதிறன், அதாவது விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன், சுமார் 0.75 (மெகாபாஸ்கல், மீட்டரின் வர்க்கமூலம் என்ற அலகில்). அதை உடைந்த தகைவாலும் 1.12ஆலும் வகுத்து, வர்க்கப்படுத்தி, பையால் (π) வகு. நீளமான கீறல் என்று வைத்துக்கொண்டால் ஆழம் கிடைக்கும். 38இல் போன பட்டைக்கு 0.1 மில்லிமீட்டர்; 91க்கு 0.017. ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன்தான் வித்தியாசம். ஆழம் நாலு மடங்கானால் வலிமை பாதியாகிவிடும்.

இனி பட்டை தயாரிப்பதைப் பார். பெரும்பாலும் வினை ஓரத்தில்தான். கட்டர் சக்கரம் கோடு போட்ட பக்கத்தில், கோட்டுக்குக் கீழே ஒரு விரிசல் வரிசையையே விட்டுவிட்டுப் போகும். சோதனையில் அந்தப் பக்கம் மேலே, அதாவது அமுங்குகிற பக்கத்தில் இருக்கட்டும். ஓரங்களை 320, பிறகு 600 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய். பட்டையின் நீளவாக்கில் மட்டும். குறுக்கே தேய்த்தால் நீயே இழுவைக்குச் செங்குத்தாகக் கீறல் போட்டுக் கொடுக்கிறாய். நீளவாக்குக் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. நடுப்பகுதியை மேசையில் வைத்து இழுக்காதே. மேசையில் கிடக்கும் மணல்துகள் கண்ணாடியைவிடக் கடினம். மேல்பக்கத்தில் டேப் ஒட்டிவிடு; உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். டேப் ஒட்டியாயிற்று என்று கண்ணுக்குக் கவசம் போடாமல் நிற்காதே.

கனத்தை உடைந்த இடத்திலேயே மைக்ரோமீட்டரில் அள. தகைவைக் கணக்கிடும் சூத்திரத்தில் கனம் வர்க்கத்தில் வருகிறது, 4 மில்லிமீட்டரில் 0.1 தவறினால் தகைவில் 5 சதவீதம் போய்விடும்.

உடைந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்ததுண்டா? விரிசல் தொடங்கிய புள்ளியைச் சுற்றி வழவழவென்று கண்ணாடிபோலவே ஓர் அரைவட்டம், அதை ஒட்டிப் பனி படர்ந்ததுபோல மங்கலான வளையம், அதற்கு வெளியே கதிர்கதிராகச் சொரசொரப்பு. வழவழப்பான பகுதியின் ஆரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 2ஐ வகுத்தால் உடைந்த தகைவு மெகாபாஸ்கலில் வந்துவிடும். 91க்கு ஆரம் அரை மில்லிமீட்டர், 38க்கு 2.8 வரும், அதைக் கனத்தின் திசையில் அளக்காமல் இழுவைப் பரப்பின் ஓரமாகவே அள. இந்த எண்ணும் மெஷின் எண்ணும் வெகுவாக வேறுபட்டால்தான் மெஷினைச் சந்தேகி. அல்லது தகட்டில் சரியாக ஆறாததால் தங்கிப்போன தகைவு இருக்கும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுத் தாள்களுக்கு (ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடுபவை) நடுவே பிடித்தால் வெளிச்சமாகத் தெரியும். ஓரத்தில் தொடங்கியவற்றையும் பரப்பில் தொடங்கியவற்றையும் ஒரே சராசரியில் போடாதே. அவை இரண்டு வேறு சோதனைகள்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். சுமை ஏற்றிய வேகத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் நீ எழுதவே இல்லை. விரிசல் நுனியில் இழுபட்டு நிற்கிற சிலிக்கன்-ஆக்சிஜன்-சிலிக்கன் பிணைப்பை ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து வெட்டிவிடும். இரண்டு பக்கமும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒட்டிக்கொள்ளும், விரிசல் கொஞ்சம் முன்னே நகரும். மெதுவாக ஏற்றினால் தண்ணீருக்கு நேரம் கிடைக்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் வலிமை சுமார் 13 சதவீதம் இறங்கும். வருடக்கணக்கில் பாரம் தாங்கப்போகிற கண்ணாடிக்கு உன் அட்டவணை எண்ணை அப்படியே கொடுக்க முடியாததும் இதனால்தான்.

டஃபன் செய்த (வலுவேற்றிய) பட்டைகளும் வரப்போகின்றன என்று எழுதியிருக்கிறாய். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடிக்கும்போது வெளிப்புறம் முதலில் இறுகும். பிறகு உள்ளே சுருங்குவது வெளிப்புறத்தை அமுக்கிவிடும். கீறல் திறக்க அந்த அமுக்கத்தை முதலில் தாண்ட வேண்டும். அளவுக்கு வெட்டுவது, ஓரம் தேய்ப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், பிறகு வெட்டப் பார்த்தால் முழுப் பட்டையும் பொடியாகிவிடும். பொட்டாசியம் உப்பில் ஊறவைத்த வகை வேறு. சோடியம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் நெருக்கிப் புகுவதால் வரும் அமுக்கம் பலமானது, ஆனால் அடுக்கு சில பத்து மைக்ரோமீட்டர்தான். உன் 0.1 மில்லிமீட்டர் கீறல் அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

38இல் போன பட்டையை எறிந்துவிடாதே. உடைந்த முகத்தைப் படமெடுத்து அனுப்பு, அளவுகோலையும் பக்கத்தில் வை.

அன்புடன்,
அம்மா