அளவைக் கூட்டும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருமானம் குறைந்த முதியவருக்கு ரத்த அழுத்தம் கட்டுப்படாவிட்டால், மாத்திரையின் அளவு கூட்டப்படுகிறது. ஏற்கெனவே எழுதியதை அவரால் வாங்க முடிந்ததா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவதையும் பாதியாக உடைப்பதையும் மறதி என்கிறோம். பல வீடுகளில் அது பணமில்லாமை. மெதுவாகக் கரையும் வகையை உடைத்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து, அழுத்தம் சட்டென இறங்கி, முதியவர் விழக்கூடும். அட்டெனோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம்: இதய நோயாளிக்கு மாரடைப்பு வரை போகலாம்.

'கடந்த 7 நாளில் எத்தனை வேளை விட்டுப்போனது? காசு காரணமா?' இதைக் கேட்ட பிறகே அளவைக் கூட்ட வேண்டும். மருத்துவர்களே, தேவையற்ற மருந்துகளை நீக்கி, மீதியை அதே மூலப்பொருள் கொண்ட, விலை குறைந்த ஜெனரிக் மருந்தாக எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்